செங்டூ நாட்குறிப்பு: சான்ஷிங்துய், உடைத்துப் புதைத்த வெண்கலம்

புதன், இரவு

நேற்றைய பொழுது பாண்டாக்களோடு போயிற்று. அதைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. மூங்கில் தின்றன, தூங்கின, கூட்டம் படம் எடுத்தது. இன்று பார்த்ததைத்தான் விரிவாக எழுத வேண்டும். சீனாவின் தென்மேற்கு மாகாணமான சிச்சுவானுக்கு வந்ததே சான்ஷிங்துய்க்காகத்தான். செங்டூவுக்கு அருகே குவாங்ஹானில், மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய வெண்கல முகமூடிகளும் தலைகளும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த இடம் அது.

போகிறவர்களுக்காகச் சில விவரங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்டூ கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து குவாங்ஹான் வடக்குக்கு அதிவேக ரயில், சுமார் இருபது நிமிட ஓட்டம். தனியாக டிக்கெட் காகிதம் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கி கேட் நம் பாஸ்போர்ட்டை ஏற்காமல் போனால் குழம்ப வேண்டாம், ஓரத்தில் ஆள் நிற்கும் வாயில் ஒன்று இருக்கும், அங்கே காட்டினால் விடுவார்கள். குவாங்ஹானில் இறங்கி டாக்சி. மியூசியத்துக்கு 72 யுவான். பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள், விடுமுறை நாட்களில் டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் கார்டை இணைத்துவிடுவது நல்லது. கூகுள் மேப்பை மறந்துவிடுங்கள்.

கூட வந்தவர் சித்தப்பா. கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில், அரண்மனை எதற்கும் அசைய மாட்டார். "மூவாயிரம் வருசத்துக்கு முன்னால ஊத்துன வெண்கலம் இருக்குதுங்க சித்தப்பா" என்று சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவே கொடுத்தார். அவர் வந்தது நல்லதாயிற்று. அவர் இல்லாமல் போயிருந்தால் நானும் எல்லோரையும் போல முகமூடிகளின் கண்ணைப் பார்த்து வாய் பிளந்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

புதிய மியூசியம் 2023 ஜூலையில் திறந்தது. புல் போர்த்திய மூன்று மேடுகள் ஒன்றோடொன்று இணைந்து சரிவது போன்ற கட்டடம். இந்த இடத்துக்குப் பெயர் தந்த மூன்று மண்மேடுகளை நினைவூட்டத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே 1,500க்கும் மேற்பட்ட பொருட்கள். காலை ஒன்பது மணிக்கே சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடுப்பில் ஸ்பீக்கர் கட்டிய வழிகாட்டிகள், கொடியைத் தூக்கிப் பிடித்தபடி தாத்தா பாட்டிகள். அமைதியாகப் பார்க்கலாம் என்ற நினைப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

கதை ஒரு விவசாயியிடமிருந்து தொடங்குகிறது. 1920களின் இறுதியில் யான் என்ற குடும்பத்தினர் வயலுக்கு வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி கல்லில் பட்டிருக்கிறது. கீழே நூற்றுக்கணக்கில் ஜேட் பொருட்கள். 1934இல் செங்டூவின் மேற்குச் சீன ஒன்றியப் பல்கலைக்கழக மியூசியத்தைச் சேர்ந்த டேவிட் கிரஹாம் முதல் அகழாய்வு செய்தார். பிறகு போர், புரட்சி, இடையிடையே சிறு தோண்டல்கள். பெரிய புதையல் கிடைத்தது 1986இல்தான். ஜூலை 18ஆம் தேதி செங்கல் சூளைக்கு மண் எடுத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் முதல் குழியைக் கண்டார்கள். ஒரு மாதம் முடிவதற்குள், ஆகஸ்ட் 14ஆம் தேதி, கிட்டத்தட்ட முப்பது மீட்டர் தள்ளி இரண்டாவது குழி. அதற்கு முன்பு சீன நாகரிகம் என்றால் மஞ்சள் ஆற்றங்கரைதான் என்று எழுதி வந்தவர்கள், அதன் பிறகு தென்மேற்கு மூலைக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

2019 இறுதியில் தொடங்கி அதே இடத்தில் இன்னும் ஆறு குழிகள் கிடைத்தன. இந்த முறை வெயிலில் மண்வெட்டியோடு யாரும் இறங்கவில்லை. குழிகளின் மேல் கண்ணாடி அறைகள் எழுப்பி, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தி, வெள்ளை முழு உடுப்பில் ஆட்கள் தொங்கும் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு தூரிகையால் தோண்டியிருக்கிறார்கள். அந்தக் காட்சியின் படங்களும் வீடியோவும் உள்ளே ஓடுகின்றன. பலன் என்னவென்றால், 1986இல் கண்ணில் படாமல் போயிருக்கக்கூடிய பட்டின் தடயம்கூட இந்தத் தடவை பிடிபட்டிருக்கிறது. வெண்கலத்தின் மேல் ஒட்டி, துரு ஏறி நிற்கும் நெசவு.

குழிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவது குழி ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் அகலம். அதற்குள் அடுக்கியிருந்த முறைதான் விஷயம். அடியில் சிறு வெண்கலங்களும் ஜேடும் சோழிகளும், நடுவில் பெரிய வெண்கலங்கள், எல்லாவற்றுக்கும் மேலே யானைத் தந்தங்கள். அவசரமாகக் கொண்டுவந்து கொட்டியவன் இப்படி வரிசைப்படி வைப்பானா? ஆனால் வைப்பதற்கு முன்னால் பெரும்பாலானவற்றை உடைத்திருக்கிறார்கள், எரித்திருக்கிறார்கள். முதல் குழியில் கிடைத்த தலைகளில் சில சூட்டில் உருகி உருக்குலைந்து போயிருக்கின்றன.

யார் உடைத்தார்கள், எதற்கு? பலி என்கிறார் ஒருவர். பழைய கோயில் பாழானதும் அதன் பொருட்களைச் சடங்கோடு அடக்கம் செய்தார்கள் என்கிறார் இன்னொருவர். ஆட்சி மாறியபோது எதிரி நொறுக்கினான் என்பவரும் உண்டு. மியூசியப் பலகைகளில் 'பலிக்குழி' என்று முடிவாக எழுதியிருக்கிறார்கள். இத்தனை உறுதி எனக்கு உறுத்தியது. இதே காலத்தில் வடக்கே அன்யாங்கில் ஷாங் அரசர்கள் ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் மழை வருமா, பல்வலி தீருமா என்றுகூடக் கேள்வியெழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே ஓர் எழுத்து கிடையாது. அரசன் பெயர் தெரியாது, தெய்வத்தின் பெயர் தெரியாது. 'கடவுள்', 'பூசாரி', 'புனித' என்று பலகையில் வரும் ஒவ்வொரு சொல்லும் நம் காலத்து ஆட்கள் வைத்தது. எப்படி வார்த்தார்கள், எப்படி உடைத்தார்கள் என்ற இரண்டும்தான் பொருளிலேயே பதிந்திருக்கிறது. ஆகவே இன்று பலகைகளைப் பாதியில் விட்டுவிட்டுச் சித்தப்பா பின்னால் நடந்தேன்.

தலைகள் இருக்கும் கூடத்தில் அவர் முதலில் குனிந்தது கழுத்துக்குக் கீழே. இரண்டு பழைய குழிகளில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெண்கலத் தலைகள் வந்தன. எல்லாம் உள்ளே வெற்றிடம், கழுத்து முன்னும் பின்னும் கூராக இறங்கி முடிகிறது. மரத்தாலோ மண்ணாலோ செய்த உடலில் செருகி நிறுத்தியிருக்கலாம் என்கிறார்கள். "உள்ள கோர் வெச்சு, வெளிய மண் மோல்டு துண்டு துண்டா சேத்து, நடுவுல இருக்கற சந்துல ஊத்தியிருக்கறான். கனம் பாரு கண்ணு, அவ்வளவு பெரிய தலைக்கு எத்தன மெல்லிசு" என்றார். அது சரிதான். சீன வெண்கலக் காலத்தின் முறையே அதுதான். சுவாமிமலையில் போல மெழுகில் உரு செய்து உருக்கி வடிப்பதில்லை. களிமண்ணில் மாதிரி செய்து, அதன் மேல் அச்செடுத்து, அச்சைப் பகுதி பகுதியாக வெட்டிக் கழற்றி, சுட்டு, உள்ளே கோர் எனும் மண் கருவை வைத்துத் திரும்பப் பொருத்தி, நடுச் சந்தில் ஊற்றுவார்கள். பகுதிகள் சேரும் இடத்தில் உலோகம் கசிந்து மெல்லிய வரப்பு விழும். சில தலைகளில் அந்த வரப்பைக் காது ஓரமாக இன்றும் பார்க்கலாம்.

பச்சைத் துருவைப் பார்த்துப் பார்த்து அதுதான் அசல் நிறம் என்று மனம் பழகிவிடுகிறது. அப்படி இல்லை. புதிதாக வார்த்தபோது பொன்னிறத்தில் மின்னியிருக்கும். புருவத்துக்கும் கண்ணின் ஓரத்துக்கும் கருமை தீட்டி, உதட்டுக்கும் மூக்குத் துளைக்கும் சிவப்புப் பூசியிருந்த தடம் சிலவற்றில் கண்டிருக்கிறார்கள். நான்கு தலைகளுக்குத் தங்கத் தகடு முகமாக ஒட்டியிருக்கிறது. அவற்றில் ஒன்றின் முன்னால் நின்றேன். தகடு கண்ணையும் புருவத்தையும் மட்டும் வெட்டி விட்டுவிட்டு மூக்கின் சரிவில் சுருக்கமில்லாமல் படிந்து, காதைச் சுற்றிப் பின்னால் மடிகிறது. ஒரு ஓரத்தில் கிழிந்த இடத்தில் கீழே பச்சை தெரிகிறது. அந்தக் கிழிசல் அருகிலேயே பத்து நிமிடம் போயிருக்கும்.

நிற்கும் மனிதர் தனி அறையில் இருக்கிறார். பீடத்தோடு 2 மீட்டர் 60 சென்டிமீட்டருக்கும் மேல் உயரம், 180 கிலோ எடை. வெறுங்காலில் தண்டை, மேலே டிராகன் உருவம் பின்னிய நீள அங்கி. இரண்டு கையும் அளவுக்கு மீறிப் பெரியவை, விரல்கள் வளையமாகச் சுருண்டு எதையோ பிடித்த நிலையில் காலியாக நிற்கின்றன. இரண்டு வளையமும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, ஆகவே நேரான கம்பு அதில் நுழையாது. வளைந்த தந்தமாக இருக்கலாம் என்பது பலர் சொல்லும் யூகம். எதையும் பிடிக்கவே இல்லை, கை முத்திரை அது என்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டம் முழுக்கக் கையைப் பார்த்து வாதாடிக்கொண்டிருக்க, சித்தப்பா இடுப்பைக் காட்டினார். குழியில் இவர் இரண்டு துண்டாகக் கிடந்தார். முறிந்தது இடுப்பில்தான், அங்கேதான் ஒட்டியிருக்கிறார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் கண் அங்கேயே போய் நிற்கிறது.

பெரிய முகமூடிக்கு வருகிறேன், படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அகலம் 138 சென்டிமீட்டர், கருவிழி இரண்டும் உருளையாக 16 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கும், காது இறக்கையாக விரிந்திருக்கும். கி.பி. நான்காம் நூற்றாண்டில் சாங் ச்சூ எழுதிய வட்டார வரலாற்றில், இந்த வட்டாரத்தின் பழைய நாடான ஷூவின் முதல் அரசன் ட்சான்சோங்குக்குக் கண்கள் துருத்தி நின்றன என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியை வைத்து இது அந்த அரசன்தான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்கிறார்கள். இடையில் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இருக்கின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. சித்தப்பாவின் அக்கறை வேறு. "காதும் கண்ணும் தனியா ஊத்தி வெச்சிருந்து, அப்புறமா முகத்தோட சேத்து ஊத்தியிருக்கறாங்க. சூடு சரியா இல்லீன்னா புடிக்கவே புடிக்காது. நல்ல வேலக்காரன்தான்." அவர் வாயிலிருந்து நல்ல வேலைக்காரன் என்ற சொல் வருவது அபூர்வம். முகமூடியின் விளிம்பில் சதுரத் துளைகள் இருக்கின்றன. எதிலோ ஆணியடித்தோ கட்டியோ மாட்டியிருக்கிறார்கள், முகத்தில் அணிந்ததில்லை. தூக்க முடியாத எடை.

(வேற்றுக்கிரகவாசிகள் செய்தது என்று யூடியூபில் பேசுகிறவர்களை இந்த விளிம்பருகே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.)

வெண்கல மரம். 3 மீட்டர் 96 சென்டிமீட்டர் உயரம், அதுவும் உச்சி இல்லாமல். மூன்று அடுக்கு, அடுக்குக்கு மூன்று கிளை, கிளைக்கு ஒரு பறவை, ஆக ஒன்பது. தண்டின் ஓரமாக ஒரு டிராகன் தலைகீழாக இறங்குகிறது, உடம்பு கயிற்று முறுக்கில். கிழக்கே ஒரு மரத்தில் பத்துச் சூரியன்கள் தங்கும், ஒன்பது கீழ்க்கிளையில், ஒன்று மேல்கிளையில் என்று பழஞ்சீன நூலான ஷான்ஹாய்ஜிங்கில் வருகிறது. இங்கே ஒன்பது பறவை, காணாமல் போன உச்சியில் பத்தாவது இருந்திருக்கும் என்று பொருத்திப் பார்ப்பது அழகாகத்தான் இருக்கிறது. எனக்கும் இது பிடித்திருக்கிறது, மறுக்க மனம் வரவில்லை. குழியில் இது நொறுங்கிக் கிடந்தது. ஒட்டி நிறுத்தவே பல ஆண்டுகள் ஆயின. சீனா வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்பக் கூடாது என்று 2002இல் பட்டியலிட்ட பொருட்களில் ஒன்று. பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் வர வேண்டும்.

இங்கே சித்தப்பா ஒரு சுற்று சுற்றி வந்து, இரண்டாம் சுற்றில் ஒரு கிளையின் அடியில் நின்றுவிட்டார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் உலோகம் சற்றுத் தடித்து, காப்புப் போட்ட மாதிரி இருந்தது. துண்டுகளைத் தனித்தனியாக வார்த்து, பொருத்திய இடத்தில் மறுபடி உலோகம் ஊற்றிப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். "இத்தன ஒட்டுல ஒண்ணு ஆடுனாலும் மரம் நிக்காது. மேல போகப் போக எட எப்புடிக் கொறைச்சிருக்கறான் பாரு." நான் சூரியனை யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் எடைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் முன்பே படித்திருந்தும் நேரில் பார்த்தபோது திகைத்தது பறவைக் கால் மனிதர். 1986இல் இரண்டாவது குழியில் ஒரு துண்டு வந்தது. பாவாடை கட்டிய இடுப்பு, அதன் கீழ் பறவை நகம் கொண்ட கால்கள், அவை மிதித்து நிற்கும் பறவைகள். மேல் பாதி இல்லை. 2022இல் எட்டாவது குழியில் ஒரு துண்டு. கையூன்றி, உடம்பைப் பின்னால் வில்லாக வளைத்து, தலையில் குவளை தாங்கிய ஆள், ஆனால் கால் இல்லை. ஸ்கேன் எடுத்து, கணினியில் சுழற்றிப் பார்த்தபோது முறிவுகள் ஒன்றோடொன்று பொருந்தின. முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில், இரண்டு வேறு குழிகளிலிருந்து ஒரே சிலை. முழு உருவம் எப்படி நின்றிருக்கும் என்பதை முப்பரிமாண அச்சில் செய்து வைத்திருக்கிறார்கள். கழைக்கூத்தாடி போல் தலைகீழாக, கால்கள் மேலே, கால்களில் பறவைகள். ஒரே பொருளை உடைத்து இரண்டு குழிகளில் போட்டிருக்கிறார்கள் என்றால், இந்தக் குழிகளாவது ஒரே சமயத்தில் மூடப்பட்டவை என்று ஆகிறது. புதிய குழிகள் சிலவற்றின் கரிமக் காலக்கணிப்பும் கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகளையே காட்டுகிறது. மொத்தப் பலகைகளை விட இந்த ஒரு முறிவு அதிகம் சொல்கிறது.

பொன்னைப் பற்றிச் சுருக்கமாக. முதல் குழியில் வந்த செங்கோல் 1.43 மீட்டர். மரத்தின் மேல் சுற்றிய தகடு, மரம் கரியாகிவிட்டது, தகட்டில் மீன், பறவை, அம்பு, முடி சூடிய தலைகள். 2021இல் ஐந்தாம் குழியில் வந்த பாதித் தங்க முகம் சுமார் 280 கிராம், தானாக நிமிர்ந்து நிற்கும் அளவுக்குத் தடிமன். இந்தக் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றித்தான் அதிக நெரிசல். எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

சோழிகள் மட்டும் என்னை நிறுத்தின. ஆயிரக்கணக்கில், வெண்கலக் குவளைகளுக்குள் நிரப்பி வைத்தவை. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, மலைகளுக்குள் இருக்கும் ஊர் இது. இந்தச் சோழிகள் இந்தியப் பெருங்கடல் பக்கமிருந்து, யுன்னான் மலைவழிகளைக் கடந்து கைமாறி வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தந்தங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அக்காலத்தில் சிச்சுவானின் காடுகளிலேயே யானைகள் திரிந்தன என்பது பொதுவான கருத்து. இன்று சீனாவில் காட்டு யானை யுன்னானின் தெற்கு ஓரத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அடுத்து பழுதுபார்க்கும் கூடம். தவறவிடாதீர்கள், பலர் முகமூடியோடு திரும்பிவிடுகிறார்கள். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் பணியாளர்கள் நம் கண்ணெதிரிலேயே வேலை செய்கிறார்கள். கையுறை போட்ட ஒரு பெண், விரல்நீளத் துண்டிலிருந்து மண்ணை ஊசியளவு கருவியால் கிளறி, ஊதி, தூரிகையால் தட்டி, மீண்டும் கிளறினார். நாங்கள் நின்ற நேரமெல்லாம் அதே ஒரு துண்டு. தந்தங்கள் இதைவிடச் சிக்கல். மூவாயிரம் ஆண்டு ஈரத்திலேயே கிடந்தவை, காற்றுப் பட்டு உலர்ந்தால் வெடித்து உதிர்ந்துவிடும். ஈரம் போகாமல் சுற்றி, கட்டுப் போட்டுத்தான் குழியிலிருந்தே தூக்குகிறார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றான், ஆசிரியை இழுத்துப் போகும் வரை.

மத்தியானச் சாப்பாடு வெளியே. குவாங்ஹானின் பேர்போன பண்டம் நூல் சுற்றிப் பதப்படுத்திய முயல் இறைச்சி. சித்தப்பா புதன்கிழமை அசைவம் தொடமாட்டார், எதனால் என்று கேட்டால் பதிலும் வராது. அவருக்கு மிளகாய் எண்ணெய் ஊற்றிய பட்டாணி மாவு ஜெல்லியும் வெள்ளைச் சோறும். அந்தச் சிச்சுவான் மிளகு நாக்கில் பட்டதும் வாய் மரத்துப் போக, "ஏங்கண்ணு, பல்லு புடுங்க ஊசி போட்டாப்புல இருக்குது" என்றார். ஆனால் தட்டைக் காலி செய்தார். மியூசியத்துக்குள் முகமூடி உருவத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள், சாக்லேட் ஒன்று, பச்சைத் தேயிலை ஒன்று. பச்சைதான் வெண்கலத்துக்குப் பொருத்தம். கையில் வாங்கிய எல்லோரும் முதலில் கண்ணைத்தான் கடிக்கிறார்கள்.

பிற்பகல் வெயில் தணிந்த பிறகு வெளியே தோட்டத்தில் நடந்தோம். வடக்கே யாஸி ஆறு, அகலமாக, சேற்று நிறத்தில். மண்ணை இடித்துக் கட்டிய மதில்களுக்குள் 3.6 சதுரக் கிலோமீட்டர் நகரம் இங்கே இருந்தது. இன்று வயலும் வீடும் மரமும். மதில் என்று காட்டுவது புல் மூடிய கரை, சொல்லாவிட்டால் ஏரிக்கரை என்று தாண்டிப் போய்விடுவோம். இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு வெள்ளம், நிலநடுக்கம், உட்பூசல் என்று பல விடைகள் புழங்குகின்றன. ஒன்று மட்டும் தெளிவு. குழிகள் மூடப்பட்ட காலத்தை ஒட்டி இந்த ஊர் தேய, நாற்பது கிலோமீட்டர் தெற்கே இன்றைய செங்டூவுக்குள் இருக்கும் ஜின்ஷா வளர்ந்தது. அங்கேயும் தந்தம், தங்கம், அதே பாணியில் கைகளை வளைத்து நிற்கும் ஆள், ஆனால் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிட்டார்.

நாளைக்கு அங்கேதான். ஊருக்குள்ளேயே, மெட்ரோ 7ஆம் பாதையில் மியூசியத்தின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. 2001இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது வெளிவந்த இடம். நான்கு பறவைகள் சூரியனைச் சுற்றும் தங்கத் தகடு அங்கே இருக்கிறது, 12.5 சென்டிமீட்டர் விட்டம், 20 கிராம் எடை. சித்தப்பா இப்போதே பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, 20 கிராமை அந்த விட்டத்துக்குத் தட்டினால் தடிமன் எவ்வளவு வரும் என்று ஹோட்டல் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். மியூசியம் 0.02 சென்டிமீட்டர் என்கிறது. அவருக்கு இன்னும் குறைவாக வருகிறதாம், நடுவில் வெட்டியெடுத்த ஓட்டைகளைக் கழிக்கச் சொல்லியிருக்கிறேன்.